தொட்டியின் வாயருகே நான் செய்த ஜெபம்

அன்பான சபையாரே, கடந்த தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டிக்குள் என் தம்பி சாமுவேல் நினைவிழந்து கிடந்தான். ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய அதன் வாயருகே நான் மண்டியிட்டிருந்தேன். கூப்பிட்டேன். அந்தச் சில நிமிடங்களில் கர்த்தர் எனக்குச் செய்ததை உங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பெருநகர் என்ற ஊரின் ஓரத்தில் வாழும் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். தம்பி கான்கிரீட் தளத்துக்குப் பலகை அடித்துப் பிரிக்கும் சென்ட்ரிங் வேலை செய்பவன். ஒவ்வொரு நாளும் அவன் புறப்படும்போது, சாரத்திலிருந்து அவன் கால் வழுக்கக் கூடாது என்று தலையில் கை வைத்து ஜெபிப்பேன். அன்று அவன் குனியவில்லை.

"அக்கா, இன்னிக்கி தொட்டி வேலை. மேல ஏறுற வேலையே இல்ல. உன் ஜெபத்துக்கு இன்னிக்கி லீவு குடு."

நானும் சிரித்துவிட்டேன். உயரத்தைத்தான் ஆபத்து என்று எண்ணியிருந்தோம். தரைக்குக் கீழே எட்டடி ஆழத்தை நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

கைப்பேசியை மறந்துவிட்டுப் போயிருந்தான். நான் வேலைக்காக உத்திரமேரூருக்குப் பேருந்து ஏறும் வழியில், அதைக் கொடுக்க அந்த வீடு கட்டும் இடத்துக்குச் சென்றேன். அவனுடன் வேலை பார்த்த மாரி அப்போதுதான் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். மேலே கான்கிரீட் தளம் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. தளத்தைத் தாங்கிய பலகைகளை உள்ளே இறங்கித்தான் பிரிக்க வேண்டும். அத்தனை நாளும் வாயைத் தகரத்தால் மூடி வைத்திருந்தார்கள். தேங்கிய நீரில் பலகைகள் ஊறி அழுகி, உள்ளே மூச்சுவிடத் தக்க காற்றே இல்லாமல் போயிருந்தது. இது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது கேட்டதெல்லாம் தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் மட்டும்தான்.

"மாரிண்ணா!" என்று கத்திக்கொண்டே தம்பி குதித்தான். என் கை நீளுவதற்குள் மறைந்துவிட்டான். இரண்டாவது முறையும் அதே சத்தம் கேட்டது.

மாரியின் மனைவி கவிதா அங்கேயே சித்தாள் வேலை செய்துகொண்டிருந்தாள். சட்டியை வீசிவிட்டு ஓடி வந்தவள், புடவையைச் செருகிக்கொண்டு ஒரு காலை உள்ளே விட்டாள். நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"வுடுக்கா! எம் புருசன் உள்ள கீறாரு!"

"போனா நீயும் வரமாட்ட கவிதா!"

"உன் தம்பியும் தான உள்ள கீறான்? உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?"

இறங்கியவரைத் தூக்க இறங்கியவர், அவரைத் தூக்க இறங்கியவர் என்று வரிசையாக இறந்த செய்திகளை நான் படித்திருக்கிறேன். கவிதாவை விட்டால் மூன்று பிணங்கள். நான் இறங்கினால் நான்கு. ஒருவரையும் இறங்கவிடாமல் தடுத்து, உள்ளே இருப்பவர்கள் இறந்துபோனால், அந்தப் பழியை ஆயுள் முழுவதும் நான் சுமக்க வேண்டும். அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். இரத்தம் வந்தது. "ஆண்டவரே, என் பிடி தளரக் கூடாது. யாரையாவது அனுப்பும்." அவ்வளவுதான் கேட்டேன். நீண்ட ஜெபத்துக்கு மூச்சு இல்லை.

பக்கத்துக் களத்தில் ஒரு விவசாயி நெல் தூற்றிக்கொண்டிருந்தார். அதற்காக டிராக்டரின் பின்னால் ஒரு பெரிய விசிறியைப் பூட்டியிருந்தார். எங்கள் அலறல் கேட்டு, பூட்டியது பூட்டியபடியே டிராக்டரை மகனோடு பின்னோக்கி ஓட்டிவந்தார். பாழுங்கிணறுகளைத் தூர்வாரிப் பழகியவர். பார்த்தவுடன் அவருக்குப் புரிந்தது. அதற்குள் மேஸ்திரியும் மற்ற வேலையாட்களும் ஓடி வந்திருந்தார்கள்.

"எவனும் எறங்காத! உள்ள காத்து செத்துப் போயிக்கீது. யம்மா, அந்தப் பொண்ண வுடாத, கெட்டியா புடிச்சிக்க! மேஸ்திரி, அந்தாண்ட மூலைல தளத்த ஒட, காத்து வெளிய போவ வழி வோணும்!"

"போட்டு மூணு வாரந்தான் ஆவுது நைனா..."

"ஆளு பெருசா, தளம் பெருசா? ஒடய்யா!"

மேஸ்திரி தான் போட்ட தளத்தைத் தானே சம்மட்டியால் உடைத்தார். தார்ப்பாயைக் குழாய்போல் பிடித்து விசிறிக் காற்றை ஒரு பக்கம் செலுத்தினார்கள். அது மறுபக்கம் புழுதியோடு வெளியேறியது. பிறகு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு விவசாயியின் மகன் இறங்கினார். வாய்க்கு நேர்கீழே கிடந்த என் தம்பி முதலில் மேலே வந்தான். உதடுகள் நீலம். மார்பு அசையவில்லை. விவசாயியின் மகன் அவன் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தார். திடீரென்று ஓர் இருமல். சபையாரே, அந்த இருமலைவிட இனிய சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

சில அடி உள்ளே நடந்து விழுந்திருந்த மாரியை இன்னொரு மூலையில், பலகைகளுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். அவர் இருமவில்லை.

தம்பி பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பினான். அதற்காக நான் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆனால் மாரியை மறைத்துவிட்டு இந்தச் சாட்சியைச் சொன்னால், அது பாதிப் பொய்யாகிவிடும்.

கவிதா இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. ஒரு ஞாயிறு மாலை, இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"உன் சாமி உன் தம்பிய குடுத்துச்சு. எம் புருசன மட்டும் ஏன் வுட்டுச்சு?"

"தெரியல கவிதா" என்றேன். பொய்யான ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் என் மணிக்கட்டிலிருந்த தழும்பைத் தொட்டாள். "அன்னிக்கி நீ வுட்டிருந்தீன்னா இதுங்க ரெண்டும் யாருமில்லாம நின்னிருக்கும்."

அவள் கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமலேயே நம்பக் கற்றுக்கொண்டேன். என் வாழ்க்கையும் மாறிவிட்டது. விடுமுறை நாட்களில் கவிதாவும் நானும் சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டும் இடங்களுக்குப் போகிறோம். மூடியை முந்தின நாளே திறந்து வையுங்கள், விசிறி வைத்துக் காற்றை ஓட்டுங்கள், கயிறும் மேலே காவலும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள் என்று சொல்கிறோம். போன வாரம் ஒரு மேஸ்திரி, "வந்துட்டாங்கப்பா, காத்து ஆபீசருங்க!" என்று கேலி செய்தார். கவிதா தொட்டியின் வாய்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"காத்து ஓட்டு. அப்பறமா எழுந்துக்கிறேன்."

அவர் விசிறி கொண்டுவரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் நாளைக் காலை வேலைக்குப் புறப்படுவார். அவருக்காக ஜெபியுங்கள், அவர் உயரத்துக்குப் போனாலும் ஆழத்துக்குப் போனாலும் ஜெபியுங்கள். கர்த்தர் கேட்கிறார் என்பதற்கு நான் சாட்சி. அவர் தரும் பலத்தோடு, இறங்கப் போகிறவரின் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அந்த மனிதர் கோபித்தாலும் விடாதீர்கள்.