கிரைண்டர் ஓடாத நாட்கள்

முனியாயி அக்கா கதவைத் தட்டியபோது காலை ஆறு ஐம்பது. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் சுவிட்சை அணைத்தேன். பிறகு ஈரச் சாக்கை எடுத்து அதை மூடினேன். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தேன்.

அக்கா கையில் கோல் இருந்தது. பின்னால் வழக்கமாக வரும் ஆடுகள் இல்லை.

"ஏத்தா செல்வராணி, தம்பி பள்ளத்துப் பக்கமா போச்சு?"

"ஆமாக்கா. முள்ளு வெட்டிப் போடப் போயிருக்காங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அங்கிட்டு பாதையவே காணோம்த்தா" என்றார்.

என் கணவர் வசந்தகுமாருக்கு நாற்பத்தெட்டு வயது. ஐடிஐ முடித்தவர். ஷார்ஜாவில் ஆறு வருஷம் இருந்துவிட்டு, எங்கள் மகள் இளமதி பிறந்ததும் திரும்பி வந்து, பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை போட்டார். காயில் சுற்றும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். நடுவில் யாராவது பேசி எண்ணிக்கை தவறிவிட்டால் கோபப்பட மாட்டார். சுற்றியது முழுவதையும் பிரித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்குவார். "குத்துமதிப்பா இருக்கட்டுமே" என்று ஒரு விவசாயி சொன்னதற்கு, "ஒங்க கெணத்துல எறங்கி மோட்டார மறுபடி தூக்கப்போறது நானாங்க?" என்று கேட்டாராம்.

எங்கள் வீடு ஊரின் கடைசி. அதற்கு அப்பால் எட்டு வருஷமாக மூடிக்கிடக்கும் கல் குவாரி. ஊரில் அதைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். அடியில் பச்சையாகத் தண்ணீர். அதன் மேற்கு விளிம்பை ஒட்டி ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. ஊரிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு அதுதான் குறுக்கு வழி. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களும் அதில்தான் நடப்பார்கள்.

போன கார்த்திகை மழையில் அந்தப் பாதையில் ஒரு விரிசல் விழுந்தது. அவர் இரண்டு பக்கமும் பெயின்ட் பொட்டு வைத்து, வாராவாரம் ஸ்கேலால் அளந்தார். பாதையை அடைக்கச் சொல்லி மனு எழுதித் தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டு போனார். அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். "பழைய வெடிப்பா இருக்கும். பாறை அசையுதுன்னா அதுக்கு ஆதாரம் வேணுமே சார்."

அந்த ஆதாரத்துக்காகத்தான் நிலநடுக்கம் பதியும் கருவியை வீட்டிலேயே செய்தார். "காந்தமும் காயிலும்தானே ராணி, நம்ம தொழில்தான்" என்றார். பின்னறையில் தரையை உடைத்து, அடியில் இருந்த பாறைமேல் நேராக ஒரு சிமென்ட் மேடை கட்டினார். மேடையில் இரும்புச் சட்டம். சட்டத்தில் கதவுபோலத் திரும்பும் ஒரு தண்டு, அதன் நுனியில் பழைய ஸ்பீக்கர் காந்தம். எதிரே தலைமுடி கனக் கம்பியில் மூவாயிரம் சுற்றுக் காயில். தரை அசைந்தால் சட்டம் அசையும். கனமான காந்தம் பின்தங்கி நிற்கும். அந்த நேரத்தில் காயிலில் துளி மின்சாரம் உண்டாகும். அது இளமதிக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் கோடாக விழும்.

முனியாயி அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "பூமிக்கு ஈசிஜி எடுக்குதாக்கும் தம்பி. எனக்கும் ஒருக்கா எடு, நெஞ்ச அடைக்குது" என்றார்.

"ஒங்களுக்கு வேணாங்க. கோடு கம்ப்யூட்டருக்குள்ள அடங்காது" என்றார் இவர்.

டீக்கடையில் நல்லதம்பி அண்ணன் தினமும் கேட்பார். "என்ன மாப்ள, கோடு நேரா இருக்கா? இன்னிக்கு பஸ்ஸுக்குப் போகலாமா?" எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் சிரித்துவிட்டு வருவார்.

பதிவுக்கு ஒரு நோட்டு. நேரம், கோட்டின் உயரம், காரணம் என்று மூன்று கட்டங்கள். பஸ் போனால் காரணம் பஸ். போர்வெல் லாரி போனால் லாரி. நான் ஓட்டலுக்கு மாவு அரைத்துக் கொடுக்கிறவள். கிரைண்டர் போட்டால் நானே நேரத்தை எழுதி வைக்க வேண்டும். கிரைண்டர் கிளம்பும் முதல் உதறலும் பாறை விடும் உதறலும் திரையில் ஒன்றுபோலவே இருந்தன. எந்தக் காரணமும் இல்லாமல் மிஞ்சுவதை மட்டும் அவர் 'பாறை' என்று எழுதினார். மாதத்துக்கு இரண்டு, மூன்று வந்தன.

பங்குனியில் அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் எட்டு நாள் எங்கள் ஊரில் இடிக்கக் கூடாது, அரைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். "ஊரே அடங்கிக் கெடக்கும். இப்ப விழுற கோடெல்லாம் பாறையோடதுதான்."

ஓட்டல் இருப்பது டவுனில். அவர்களுக்குக் காப்பு இல்லை. எட்டு நாள் நிறுத்தினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். கிரைண்டருக்கு அடியில் கோணிச்சாக்கை நாலாக மடித்துப் போட்டேன். அவர் கடைக்குப் போனதும் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு அரைத்தேன். திங்கள், செவ்வாய், வியாழன். ஒவ்வொரு நாளும் நடுவில் நிறுத்தி, இரண்டு தடவையாகப் போட்டேன். சாக்கு சத்தத்தைக் குடித்துவிட்டது. முதல் உதறலை அது குடிக்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

அந்த வியாழன் சாயங்காலம் கோடை மழை. அவர் நோட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அஞ்சு நாள்ல பதினொண்ணு, ராணி."

நான் குழம்பை மூடிக்கொண்டிருந்தேன்.

"நீ கிரைண்டர் எதுவும் போடலயே?"

"காப்புக் கட்டியிருக்கு. நான் போடுவேனாங்க?"

"அதுவும் சரிதான்" என்றார்.

எழுந்து அரிவாளை எடுத்து வாசலோரம் வைத்தார். "மனு கெடக்கட்டும். காலையில நானே முள்ள வெட்டி ரெண்டு பக்கமும் அடைச்சிடுறேன். நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பரீட்சை, எல்லாம் அந்த வழியாத்தான் ஓடும்."

ஆறு மணிக்கு அரிவாளோடு கிளம்பினார். அப்படியே கடைக்குப் போய்விடுவேன் என்றார். அவர் தெரு திரும்பியதும் நான் அரிசியைக் களைந்தேன். ஆறு இருபத்திரண்டுக்குத் திரையின் மேலும் கீழும் முட்டிக்கொண்டு ஒரு கோடு விழுந்திருக்கிறது. தரை அசைந்ததை நான் உணரவில்லை. கிரைண்டர்மேல் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அன்று முள்ளைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் தார்ச்சாலை வழியாகத் திரும்பிப் போனார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நல்லதம்பி அண்ணன் பந்தலுக்கு வெளியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. முனியாயி அக்காவுக்குக் கிரைண்டர் சத்தம் கேட்டிருக்கும். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்தான்.

இன்றோடு பதினாறு நாள். சரிந்தது போக மிச்சமிருப்பது கெட்டியான பாறை என்றும், பதினைந்து அடி உள்ளே தள்ளிப் புதுப் பாதை விடலாம் என்றும் பேச்சு. நோட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய நாளைக்கு அதிகாரிகள் வருகிறார்கள். பதினொன்று என்று இருந்தால் விளிம்பு முழுவதையும் அடைப்பார்கள் என்று இளமதி சொல்கிறாள். நான் அரைத்தது அவளுக்குத் தெரியாது.

அவள் தூங்கிய பிறகு நோட்டை எடுத்தேன். என்னுடைய ஆறையும் நேரத்தை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவருடைய கையெழுத்தில் 'பாறை' என்றிருந்ததை ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் 'கிரைண்டர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எண்ணிக்கை தவறியது தெரிந்திருந்தால் அவர் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி எண்ணியிருப்பார். மிச்சம் ஐந்து. ஐந்து போதுமா என்று எனக்குத் தெரியாது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஐந்துக்கே அவர் போயிருப்பாரா என்பதும் தெரியாது.

பின்னறையில் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் இரண்டு கோடுகள் விழுந்தன. வீட்டில் கிரைண்டர் இல்லை, விற்றுவிட்டேன்.

ஊர்ப் பக்கம் அவர் வெட்டிப் போட்ட முள் காய்ந்து அப்படியே கிடக்கிறது. பஸ் நிறுத்தத்துப் பக்கம் இன்னும் யாரும் முள் போடவில்லை.