ஓடாத படகுக்குத் துறைக்கூலி

கொட்டாஞ்சேனை றெஜினோல்ட் கலியாணம் கட்டாத மனிதர். துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த காசில் ஆசைக்கு ஒரு சின்னப் படகு வாங்கினார். எஞ்சின் பழுதாகி, அது முகத்துவாரத்துப் படகுத்துறையில் கட்டியே கிடந்தது. ஓடாத படகுக்கும் மாதாமாதம் துறைக்கூலி கட்டத்தானே வேண்டும். விற்கவும் மனம் வரவில்லை.

அந்தக் கூலிக்கு அவர் கைவைத்த இடம்தான் பிழை. கப்பலில் வேலை செய்யும் தம்பி டெஸ்மன், அக்கா பிலோமினாவின் செலவுக்கென்று இவர் பெயரில் காசு அனுப்புவான். அதில் பாதியைப் படகு தின்றது. அக்காவிடம், “தம்பிக்குச் சம்பளத்தை வெட்டிப்போட்டாங்களாம்” என்று சொல்லிவைத்திருந்தார்.

ஒருநாள் பூசை முடிந்து வந்த அக்கா, காதுத் தோட்டைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். “இதை வித்து அவனுக்கு அனுப்படா. வயிறாறச் சாப்பிடுறானோ தெரியாது.”

றெஜினோல்ட் தோட்டை அவளிடமே திருப்பி நீட்டினார். “அக்கா, தம்பி ஒரு சதமும் குறைக்கேல்ல. எடுத்துப் படகுக்குக் கட்டினது நான்.”

அக்கா தோட்டை வாங்கிப் பழையபடி காதில் போட்டாள். “அவனுக்கெண்டு கிழமைக்குக் கிழமை மெழுகுதிரி கொளுத்தினனான். அதை உன்ர படகுக்கே கொளுத்தியிருக்கலாம்.”

றெஜினோல்ட் அவள் முன்னாலேயே ஒரு படகுத் தரகருக்குப் போன் எடுத்து, வந்த விலைக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.