வேறொருவர் பெயர்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘செய்தி அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், எட்டுப் பேர் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகம் அது. அக்கா அங்கே சேர்ந்தது போன் எடுக்கும் வேலைக்கு. ஏழு வருடம் வாடிக்கையாளர்களின் ஏச்சையும் பேச்சையும் கேட்டுக் கேட்டு, திரையில் வரும் எந்த வாக்கியம் யாரைக் குழப்பும் என்பது அவருக்கு அத்துப்படி. நாற்பத்தொரு வயதில், மதியச் சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து ஜாவா என்ற நிரல்மொழியைப் படித்தார்.

“போன்ல நான் திரும்பத் திரும்பச் சொல்றதை ஸ்கிரீன்லயே எழுதிட்டா எனக்குத் தொண்டை மிச்சம்” என்று காரணம் சொன்னார்.

நாங்கள் பயன்படுத்திய ஜாவா ஃபிரேம்வொர்க்கில், அதாவது ஆயத்த நிரல் சட்டகத்தில், பயனர் பார்க்கும் வாசகங்களை நிரலுக்குள் எழுதுவதில்லை. ‘செய்திகள்’ என்ற தனிக் கோப்பில் வரிவரியாக எழுதிவைப்போம். பெயர் வரவேண்டிய இடத்தில் காலியிடம் விட்டுவிட்டால், உள்ளே வந்தவரின் பெயரை ஃபிரேம்வொர்க் அங்கே கொண்டுவந்து பொருத்திவிடும். அந்தக் கோப்பு அக்காவின் கைக்குப் போன பிறகுதான் எங்கள் பக்கங்கள் மனுசர் பேசுவதுபோல் பேசத் தொடங்கின. ‘செல்லாத உள்ளீடு’ என்றிருந்த வரி ‘தேதியில் மாதம் விட்டுப்போயிருக்கிறது’ என்று மாறியது. சோதனைக்காக அக்கா உருவாக்கிய பயனர்களில் ஒருவருக்கு மாம்பழம் என்று பெயர், இன்னொருவருக்குப் பூசணி. ‘மாம்பழம்க்கு வணக்கம்’ என்று திரை சொன்ன அன்று அலுவலகமே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எந்தப் பெயர் வந்தாலும் வேற்றுமை உருபு இடறாதபடி எல்லா வரிகளையும் இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றி எழுதினார்.

ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நாங்கள் இணையதளம் செய்து கொடுத்திருந்தோம். நோயாளி தன் எண்ணைப் போட்டு உள்ளே வந்தால், மேலே அவர் பெயரும் வயதும், கீழே முடிவுகளும் தெரியும். அது ஓடத் தொடங்கி மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குப் போன் வந்தது. அக்காதான் எடுத்தார். பேசியவர் ஒரு பள்ளி ஆசிரியை.

“எங்க அப்பா ரிசல்ட்டைப் பாக்கறேங்க. மேல வேற யாரோ ஒரு அம்மா பேரு போட்டிருக்கு. கீழ சர்க்கரை முந்நூத்தி நாப்பதுன்னு இருக்கு. இது எங்கப்பாவோடதா, அந்தம்மாவோடதா? யாரு இப்ப டாக்டர்கிட்ட ஓடணும்?”

அக்கா அவர் அப்பாவின் எண்ணைக் கேட்டு வாங்கி, பரிசோதனை நிலையத்துக்குப் போன் போட்டு, காகிதத்தில் இருந்த அளவைச் சரிபார்த்தார். முடிவு அந்த அப்பாவுடையதேதான். பெயர்தான் தப்பு. பதினைந்து நிமிடத்தில் ஆசிரியையைத் திரும்ப அழைத்து, “அளவு உங்கப்பாவோடதுதான்மா, இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

எங்கள் குழுத் தலைவர் நம்பவில்லை. அவர் கணினியில் பத்துத் தடவை உள்ளே போய்ப் பார்த்தார். பத்துத் தடவையும் சரியான பெயரே வந்தது.

“அந்த டீச்சர் எண்ணைத் தப்பாப் போட்டிருப்பாங்க. இதுக்குப் போய் ஏன் கையைப் பிசையறீங்க?” என்றார்.

“எண்ணைத் தப்பாப் போட்டா ரிசல்ட்டும்ல தப்பா வரணும்?” என்றார் அக்கா. தலைவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அந்தப் பக்கத்தை எழுதியவன் நான்தான்.

வெள்ளிக்கிழமை மேலும் இரண்டு அழைப்புகள் வந்தன. இரண்டும் பத்திலிருந்து பதினொன்றுக்குள். அக்கா அதைக் குறித்துக்கொண்டார். “பத்து மணிக்குத்தான் ரிசல்ட் தயார்னு எல்லாருக்கும் தகவல் போகுது. எல்லாரும் ஒரே சமயத்துல கதவைத் தள்ளறாங்க. நம்ம சாருக்குக் கூட்டமே இல்லியே, ஒத்தையாப் போனா எப்படித் தெரியும்?”

சனிக்கிழமை காலை அலுவலகத்தில் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். கடைத்தெருவுக்குப் போவதற்காக அக்காவின் நாத்தனார் வந்து வாசல் பக்கத்து நாற்காலியில் காத்திருந்தார். அக்கா அவரை இழுத்து வந்து ஒரு கணினி முன்னால் உட்கார வைத்தார்.

“நீ பூசணி. நான் மாம்பழம். தம்பி மூணு எண்ணுவான், ரெண்டு பேரும் சேர்ந்து அமுக்கணும்.”

“சேலை எடுக்கலாம்னு கூட்டிட்டு வந்து பூசணின்றீங்களே அண்ணி!”

நான் எண்ணினேன். முதல் தடவை ஒன்றுமில்லை. ஐந்தாவது தடவையும் இல்லை. ஏழாவது தடவை நாத்தனார் முகத்தைச் சுளித்தார்.

“அண்ணி, இது என்னை மாம்பழம்னுது.”

அக்கா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். ‘வணக்கம், மாம்பழம்’ என்று மேலே இருந்தது. கீழே பூசணியின் முடிவுகள். அவர் என்னைத் திட்டவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, “நிரலை எடு, சேர்ந்து படிப்போம்” என்றார்.

கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கத்தைக் கவனிக்கும் நிரல், வருகிற எல்லோருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான். உள்ளே வருகிறவரின் பெயரை அவரவர் கணக்கில் வைக்காமல், அந்த ஒரே பொது இடத்தில் எழுதி வைத்திருந்தேன். முடிவுகளைத் தேடி எடுக்க இரண்டு விநாடி ஆகும். அதற்குள் இன்னொருவர் வந்தால் அவர் பெயர் முதல் பெயரின் மேல் விழுந்துவிடும். தனியாக வருகிறவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மாற்றியது மொத்தம் நான்கு வரி. பெயரை அவரவர் வருகைக்குரிய இடத்தில் வைத்தோம். பிறகு நாத்தனாரை வைத்து நாற்பது தடவை அமுக்கச் சொன்னோம். அவருக்குச் சேலைக்கடை மறந்தே போயிற்று.

திங்கட்கிழமை தலைவர் கேட்ட முதல் கேள்வி, “யார் எழுதினது?”

“எழுதினவங்களை அப்புறம் பாத்துக்கலாம் சார்” என்றார் அக்கா. “தப்பான பேரைப் பாத்தவங்க யார் யாருன்னு மொதல்ல பாப்போம்.”

நான் எழுந்து, “நான்தான் சார்” என்றேன். தலைவர், “சரி, உக்காரு” என்று முடித்துக்கொண்டார். உண்மையான சண்டை அதற்குப் பிறகுதான். பக்கத்தின் மேல் ஒரு அறிவிப்பு போட வேண்டும். ‘தற்காலிகத் தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று தலைவர் எழுதிக் கொடுத்தார். அக்கா அதைக் கோப்பில் சேர்க்க மறுத்தார்.

“இதைப் படிச்சா யாருக்கு என்ன புரியும்? தன் பேருக்குக் கீழ இருந்தது தன்னோட ரிசல்ட்தானான்னு ஒருத்தர் இன்னும் யோசிச்சிட்டிருப்பார்.”

“உள்ளதைச் சொன்னா பரிசோதனை நிலையத்துக்காரர் நம்மளத் தூக்கிடுவார்.”

“அவர்கிட்ட நானே பேசறேன்.”

பேசினார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, முக்கால் மணி நேரம் பேசினார். எங்களுக்கு “ஆமாங்க”, “இல்லீங்க”, “அதுதாங்க நியாயம்” மட்டும் கேட்டது. போனை வைத்ததும் நேராகத் தன் மேசைக்குப் போய்த் தட்டச்சு செய்தார்.

‘சென்ற வாரம் காலை நேரங்களில் சிலருக்குத் தங்கள் முடிவின் மேல் வேறொருவர் பெயர் தெரிந்தது. தவறு எங்களுடையது, சரிசெய்துவிட்டோம். முடிவுகளின் அளவுகள் மாறவில்லை. சந்தேகம் இருந்தால் அழையுங்கள், உங்களுடன் சேர்ந்து சரிபார்க்கிறோம்.’

அந்த வாரம் அறுபத்திரண்டு பேர் அழைத்தார்கள். ஒவ்வொருவருடைய எண்ணையும் வாங்கி அக்காவும் நானும் மாறி மாறிச் சரிபார்த்தோம். நான்கைந்து பேர் கோபமாகப் பேசினார்கள். மற்றவர்கள் சரிபார்த்துக்கொண்டு போனை வைத்தார்கள். ஆசிரியையும் ஒருநாள் கூப்பிட்டார். அவர் அப்பாவுக்கு அன்றைக்கே மருந்து தொடங்கிவிட்டார்களாம்.

“அவர் இனிப்பை ஒளிச்சு வெச்சுச் சாப்பிடறார், அதுக்கு ஏதாவது மெசேஜ் போட முடியுமா?” என்று கேட்டார். அக்கா வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

பரிசோதனை நிலையத்துக்காரர் எங்களை விடவில்லை. இன்னும் இரண்டு கிளைகளின் வேலையையும் எங்களிடமே தந்தார். அந்த ஆண்டின் கடைசியில் போன் எடுக்கும் பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. அக்காவுக்கு ஜன்னல் ஓரத்தில் மேசையும் ‘நிரலாளர்’ என்ற பதவியும் கிடைத்தன. பதவி வந்தாலும், யாருக்காவது நீளமாக விளக்க வேண்டியிருந்தால் அவரே எழுந்துபோய்ப் போனை வாங்கிக்கொள்கிறார்.