தேவாலா சாலையில் இரண்டு துண்டுகள்

மழை பார்க்க நீலகிரியில் இருக்கும் தேவாலாவுக்குப் போகிறேன் என்றதும் கோயம்புத்தூரில் என் வீட்டுக்காரர் சிரித்தார். காசு கொடுத்து நனையப் போகிறவள் நீ ஒருத்திதான் என்றார். நாலு நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கிளம்பிவிட்டேன்.

ஊட்டியிலிருந்து கூடலூர் ஐம்பது கிலோமீட்டர். போய் இறங்கியபோது காலை பத்து மணி. தேவாலா பேருந்து அப்போதுதான் போயிருந்தது. அடுத்ததற்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அறுநூறு ரூபாய்க்கு ஒரு ஜீப் பேசினேன்.

ஓட்டுநர் லெட்சுமணன் ஐம்பதைத் தாண்டியவர். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி இங்கே வந்தவர். போன வருடம் எங்கோ ஒரு போலீஸ் சோதனையில் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். திரும்பக் கேட்கப் போனால், வாங்கவே இல்லை என்றார்களாம். வேறு எடுக்கும்வரை வண்டியை நிறுத்திவிட்டு எஸ்டேட்டில் கூலிக்குப் போயிருக்கிறார். இதைச் சொல்லும்போதே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நாடுகாணி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் போலீஸ் கை காட்டி நிறுத்தியது. முன்விளக்கு ஒன்று எரியவில்லை என்றார் எஸ்.ஐ. உண்மைதான். லெட்சுமணன் லைசென்ஸை நீட்டினார். எஸ்.ஐ. அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வா என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

லெட்சுமணன் இறங்கி அவர் பின்னாலேயே போனார்.

"சார், துண்டு குடுங்க."

அதற்குள் ஆள் தொப்பலாக நனைந்திருந்தார். பாவம், தலை துவட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்து, என் பையிலிருந்த ஈரோட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன். எஸ்.ஐ.க்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. போலீஸ்காரனிடமே துண்டு கேட்கிறாயா, நக்கலா என்றார்.

"அந்தத் துண்டு இல்லீங்க சார். எழுதிக் குடுக்குற துண்டு. லைட்டுக்கு ஃபைன் போடுங்க, கட்டுறேன். லைசென்ச வச்சுக்கிட்டீங்கன்னா, வாங்கினதுக்குத் துண்டு குடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிலோன் தோட்டத்துப் பேச்சில் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். என் வாய் சும்மா இருக்குமா? லைசென்ஸைப் பிடித்து வைத்தால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது, அது கையில் இருந்தால்தான் அவர் வண்டி ஓட்ட முடியும் என்றேன். நீங்கள் வக்கீலா என்று எஸ்.ஐ. கேட்டார். மழை பார்க்க வந்தவள் என்றேன். அவர் நம்பவில்லை.

மூன்று பேரும் மழையில் நின்றோம். கடைசியில் எஸ்.ஐ. அபராதச் சீட்டுப் போடும் கருவியை எடுத்து விளக்குக்கு அபராதம் போட்டார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, வண்டி எண்ணை வாய்விட்டு இரண்டு முறை படித்தார்.

துண்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று லெட்சுமணனிடம் கொடுத்துவிட்டு, ஜெயித்த குஷியில் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். தேவாலா கடைவீதி வந்த பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"நீங்க நாளைக்குப் போயிருவீங்கம்மா. நான் தெனமும் இந்த ரோட்லதான ஓட்டணும்."

அதன் பிறகு மழை எங்கே பார்ப்பது? அறை ஜன்னலுக்கு வெளியே அது கொட்டித் தீர்த்தது. நான் உள்ளே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வாய்க்கொழுப்பால் ஒரு மனுஷன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று மனசு அரித்தது. மூன்று நாள் தங்க வந்தவள் மறுநாள் காலையிலேயே கூடலூர் பேருந்தில் ஏறிவிட்டேன்.

எங்கள் ஊரில் காரைச் சோதனைக்கு நிறுத்தினால் என் வீட்டுக்காரர் போலீஸில் இருக்கும் ஒன்றுவிட்ட மச்சான் பெயரைச் சொல்வார். விட்டுவிடுவார்கள். சட்டம் பேச வேண்டிய அவசியமே எங்களுக்கு வந்ததில்லை. லெட்சுமணனுக்கு அப்படி எந்த மச்சானும் கிடையாது.

அந்த வளைவில் பேருந்து மெதுவாகத் திரும்பியது. அதே ஜீப் ஓரமாக நின்றிருந்தது. ஷட்டரைத் தூக்கி எட்டிப் பார்த்தேன். எஸ்.ஐ. பானட்டின் மேல் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் லெட்சுமணன். தலையில் என் ஈரோட்டுத் துண்டு. கை மற்ற துண்டுக்கு நீண்டிருந்தது.