கடைசி எபிசோடைச் சொன்ன கண்டக்டர்

இன்று காலை நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் மல்லிகைப்பூக் கூடையோடு ஒரு அக்கா. மத்தியான சீரியல்களை ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்களே என்று பேச்சு வந்தது.

“அப்பல்லாம் மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு சீரியல் போடுவான். ஒரு நாள் விட்டதில்ல. கடைசி நாளு பாத்து எனக்கு வலி எடுத்துருச்சு. மகளப் பெத்து வீட்டுக்கு வந்து கேட்டா, ஒருத்தருக்கும் முடிவு சொல்லத் தெரியல. அதுல வர்ற கல்யாணியோட ஓடிப்போன புருசன் திரும்பி வந்தானா இல்லையா? அந்த மகளுக்கே கல்யாணம் ஆயிருச்சு, எனக்கு இன்னும் தெரியாது!”

நானும் தட்டில் சோறு காயக் காய அதைப் பார்த்தவள்தான். முடிவு மறந்துவிட்டது.

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நரைத்த மீசைக் கண்டக்டர் திரும்பினார். “வந்தான்க்கா. கல்யாணிதான் மூஞ்சில அடிச்ச மாதிரி கதவச் சாத்திட்டா.”

அக்கா கைதட்டிச் சிரித்தார். “அப்படிப் போடு! அம்புட்டு அழுதவ, வேற என்ன செய்வா?” என்று எங்கள் இருவருக்கும் கை நிறையப் பூ அள்ளிக் கொடுத்தார்.

“நீங்களும் பாப்பீங்களாண்ணே?” என்றேன்.

“சேச்சே. வீட்டுல பாப்பாங்க. நான் சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன்.”

இப்படிச் ‘சும்மா’ உட்கார்ந்திருந்த ஆண்கள் உங்கள் வீட்டில் எத்தனை பேர்?