செவலையோட கொறைய மறைச்சேன்

நாஞ் சொல்லச் சொல்ல மருமக எழுதுது. அது எம்பத்தஞ்சு, எம்பத்தாறாம் வருசம் இருக்கும். அந்த வருசமும் மழையில்ல. மல்லாங்கிணறு பக்கம் மொசல் வேட்டைக்குன்னு ஒரு சிப்பிப்பாறை நாயி வளத்தேன். பேரு செவலை. ஓட்டத்துல காத்துதான். ஆனா துப்பாக்கிச் சத்தம் கேட்டா எங்காலுக்குள்ள வந்து மூத்திரம் விட்டுரும். கூட வாரவுக, "ஏலே, மொசலு ஒன் நாயப் பாத்துச் சிரிக்குதுலே"ன்னு கேலி பண்ணுவாக.

அதனால திருச்சுழிப் பக்கம் சவரிமுத்துங்கற சேக்காளிகிட்ட, கடலைக் காட்டுக் காவலுக்குன்னு குடுத்துட்டேன். சத்தத்துக்குப் பயப்படும்னு சொல்லல. சொன்னா வாங்கமாட்டான்ல. அவன் கெணறு தோண்டிக்கிட்டிருந்தது எனக்குத் தெரியாது, நானுங் கேக்கல.

மூணாம் நாளு கெணத்துப் பாறைக்கு வெடி வச்சிருக்காக. நாயி கட்டுத்தறியப் பிடுங்கிக்கிட்டு சங்கிலியோட ஓடிருச்சு. சவரிமுத்து பஸ்ஸேறி வந்து, "செவலை இங்க வந்துச்சாலே?"ன்னு கேட்டப்பதான், அது சத்தத்துக்குப் பயப்படும்னு சொன்னேன்.

ரெண்டு நாளு வேலிக்கருவைக்குள்ள தேடுனோம். சங்கிலி ஒரு தூருல சிக்கி, நாக்கு வறண்டு கெடந்துச்சு. கையில தண்ணி ஏந்திக் குடுத்தேன், மெதுவா நக்குச்சு.

"முன்னமே சொல்லியிருந்தா, வெடி வைக்கிற அன்னைக்கு வீட்டுக்குள்ள அடைச்சிருப்பேன்லே"ன்னான் சவரிமுத்து.

கெணறு முடியிறவரைக்கும் நானே வச்சிருந்து, அப்புறந்தான் செவலைய அனுப்புனேன். கெணத்துல தண்ணி வரல, அது வேற கதை.

அதுலருந்து எந்த நாயக் குடுத்தாலும் கொறையத்தான் மொதல்ல சொல்லுறது. வாங்குறவுக ஊருல ஒரு பொழுது உக்காந்து, என்ன சத்தம் வருதுன்னும் கேப்பேன். இப்ப எனக்குக் காது மந்தம். நாயவே பக்கத்துல உக்கார வச்சு, சத்தத்துக்கு அது காது வெடைக்குதான்னு பாத்துக்கிறேன்.