கப்பலில் இருந்த மகனுக்கு முகம் காட்டிய நாள்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைக்கிறேன். எந்த வீட்டில் வேலை முடித்துத் திரும்பினாலும், எதையாவது சரியாக மாட்டாமல் வந்துவிட்டோமோ என்ற பயம் கூடவே வரும். அன்று அந்தப் பயம் பலித்துவிட்டது என்றே முதலில் நினைத்தேன்.

கடற்கரைத் தெருவில் ஓர் அம்மா இறந்துபோயிருந்தார். மகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் நடுக்கடலில், வர வழியில்லை. மாலையில் சர்ச் சாமியார் வந்ததும் அடக்கம். அதற்குள் வீடியோ காலில் அவனுக்குத் தாயின் முகத்தைக் காட்ட வேண்டும். எங்கள் பக்கம் கப்பலுக்குப் போன பிள்ளைகள் இப்படித்தான் கடைசியாகப் பார்க்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் சவப்பெட்டியை மூடுவதில்லை. முந்தின நாள் காற்றில் செல்போன் டவர் படுத்துவிட்டது. கம்பி வழியே வரும் இணையம் மட்டும் இருந்தது, அதுவும் அந்த வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில். அதற்கு இணைய வயரைச் சொருகும் நெட்வொர்க் கார்டு மாட்டிக் கொடுத்தவன் நான்.

கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அம்மா. பக்கத்திலேயே கம்ப்யூட்டர். திரையில் மகன் வந்தான். "அம்மாவ..." என்று தொடங்கியவன் அப்படியே உறைந்து நின்றான். கார்டில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் எதுவும் போகவுமில்லை, வரவுமில்லை. கார்டை நிறுத்தி மறுபடி எழுப்பினேன். வந்தான். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் நின்றுபோனான். வயரை மாற்றினேன். பையிலிருந்த வேறு கார்டை மாட்டினேன். அதே கதை.

"ஏலே, எட்டாங்கிளாசு எஞ்சினீயரு!" என்றார் இறந்தவரின் தம்பி. விசைப்படகு ஓட்டுகிறவர். "வல வீசுத மாதிரில்லா திருப்பித் திருப்பி வீசுத. ஒண்ணும் படலியே."

"பாக்கேன் அண்ணாச்சி."

"சாமியாரு வந்துட்டாவன்னா எடுத்துருவாவ அண்ணே," என்றாள் இறந்த அம்மாவின் மகள். "கப்பல்லயும் அவனுக்குக் கொஞ்ச நேரந்தான் குடுத்திருக்காவ."

கார்டை மறுபடி எழுப்பினேன், மகன் வந்தான். அப்போது ஃப்ரீசரின் மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. மேலே எரிந்த விளக்கு ஒரு கணம் மங்கியது. மகன் திரையில் உறைந்தான். கார்டை எழுப்பிவிட்டு மோட்டாரின் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது கிளம்பியதும் அவன் நின்றான். வீட்டுக்கு ஒரே மின்சார லைன். மோட்டார் கிளம்பும்போதெல்லாம் மின்சாரம் தாழ்ந்து கார்டு மயங்கிவிடுகிறது.

காரணம் தெரிந்தும் நிம்மதி வரவில்லை. இதை எந்த வாயால் சொல்வது?

"ஃப்ரீசர அணைக்கணும்," என்றேன்.

"இந்த வெக்கையிலயா? அக்காவ எப்பிடிலே..." தம்பி குறுக்கே வந்து நின்றார்.

மகள் கண்ணாடி மேல் கையை வைத்தபடி நின்றாள். "அம்மா இருந்தா என்ன சொல்லுவா மாமா? அவனுக்காவ அவ வேர்க்காத நாளு உண்டா? அணைங்க."

அவரே பிளக்கைப் பிடுங்கினார். மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் அக்காவுக்கு விசிறத் தொடங்கினார்.

மகன் வந்தான். இந்த முறை நிற்கவில்லை.

"கிட்ட காட்டுளா," என்றான் தங்கையிடம். அவள் கேமராவைத் தாயின் முகத்தருகே கொண்டுபோனாள். அவன் திரையை நெருங்கி வந்து பார்த்தான். "நெத்தியில எனக்கும் சேத்து ஒரு முத்தம் குடு."

குனிந்து கொடுத்தாள். வாசலில் சாமியார் வந்து நின்றார், யாரும் அவசரப்படுத்தவில்லை. இப்போது அறுந்துவிடுமோ, இப்போது அறுந்துவிடுமோ என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

அவன்தான் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"போதும் மாமா. மூடுங்க."